ஆர்குட் முதல் இன்ஸ்டா வரை: ஒரு மதுரைக்காரியின் அனுபவம்

கல்லூரிக் காலத்தில் ஆர்குட் என்ற கூகுள் தளம், அப்புறம் பேஸ்புக், கல்யாணத்துக்குப் பிறகு வாட்ஸ்அப், இப்போது இன்ஸ்டா. நாலையும் வருஷக்கணக்கில் பயன்படுத்தியாகிவிட்டது. கீழமாசி வீதியில் ஒரு மொத்த மளிகைக் கடையில் கணக்கு எழுதுகிறேன். சொந்த ஊர் உசிலம்பட்டிப் பக்கம். எது பேட்டரியைத் தின்கிறது, எது டேட்டாவை இழுக்கிறது என்று யூடியூபில் சொல்ல ஆயிரம் பேர் இருக்கிறார்கள். எந்தத் தளத்தில் நான் யாராக இருந்தேன், யாரோடு ஒட்டினேன், யார் விட்டுப்போனார்கள் என்பதைத்தான் இங்கே எழுதுகிறேன்.

ஆர்குட்டை நான் பார்த்தது கோரிப்பாளையத்து பிரவுசிங் சென்டர்களில். அதில் எனக்குப் பிடித்த விஷயம் டெஸ்டிமோனியல். உன்னைப் பற்றித் தோழி எழுதுவாள். நீ சம்மதித்தால் உன் பக்கத்தில் ஏறும். நான் இப்படிப்பட்டவள் என்று நானே பீற்றிக்கொள்ள வேண்டியதில்லை, தெரிந்த ஒருத்தி சொன்னாள். அதற்குப் பிறகு நான் போன எந்தத் தளமும் அந்த இடத்தை அப்படி வைக்கவில்லை. எல்லாவற்றிலும் நம்மைப் பற்றி நாமே எழுதிக்கொள்ள வேண்டியிருக்கிறது, அதுவும் அழகாக. ஆர்குட்டில் இன்னொரு குசும்பும் உண்டு: உன் பக்கத்தை யார் வந்து பார்த்தார்கள் என்று காட்டிவிடும். அதனால் விடுதியில் மூண்ட சண்டைகளைத் தனியாகத்தான் எழுத வேண்டும். 2014 செப்டம்பர் 30 அன்று கூகுள் அதை மூடியபோது எங்கள் செட்டில் ஒருத்தியும் அங்கே இல்லை.

பேஸ்புக்கில் கணக்குத் தொடங்கியபோது முதல் முட்டுக்கட்டை பேர். முதல் பேர், கடைசிப் பேர் என்று இரண்டு பெட்டி. நமக்கு ஏது கடைசிப் பேர்? இனிஷியல்தான் உண்டு. ஒற்றை எழுத்தை அது லேசில் ஏற்காது. அப்பா பேரை இழுத்துப் போட்டோம். கல்யாணம் ஆனதும் பலர் அதை எடுத்துவிட்டுக் கணவர் பேரைப் போட்டார்கள். விளைவு என்ன தெரியுமா? பத்தாம் வகுப்பில் பக்கத்தில் உட்கார்ந்தவளைத் தேடினால் கிடைக்கவே மாட்டாள். பேர் மாறியிருக்கும், டிபியில் ரோஜாப்பூவோ, குழந்தை படமோ, மீனாட்சியம்மனோ இருக்கும். ஆண்களின் பழைய நட்பை நொடியில் தேடிக் கொடுத்த தளம், எங்கள் நட்பை இன்னும் ஆழமாக ஒளித்து வைத்தது. என் தோழி ஒருத்தியை அவளுடைய தம்பியின் கணக்கு வழியாகத்தான் பிடித்தேன். தம்பி பேர் மாறவில்லை, மீசையோடு சொந்த முகத்தைப் போட்டிருந்தான்.

ரோஜாப்பூ டிபியைக் கிண்டல் செய்கிறவர்கள் உண்டு. அதில் கிண்டலுக்கு ஒன்றுமில்லை. படத்தை எவனாவது எடுத்து வேறெங்கேயாவது போட்டுவிடுவான் என்ற பயம் நியாயமானது. 2017 ஜூனில் பேஸ்புக் நிறுவனமே ப்ரொஃபைல் படத்துக்கு ஒரு பாதுகாப்பு வசதியை இந்தியாவில் கொண்டுவந்தது. படத்தைச் சுற்றி நீலக் கரை, ஓரத்தில் ஒரு கேடயம், மற்றவர்கள் பதிவிறக்க முடியாது. அது வந்த பிறகுதான் என் சித்தி மகள் முகத்தைக் காட்டினாள். ஆனால் பக்கத்தில் இன்னொரு போனை வைத்துப் படம் எடுத்தால் எந்தக் கேடயமும் தடுக்காது என்பதையும் சொல்லிவிடுகிறேன்.

நான் ஒரே ஆள் இல்லை, யாருமே ஒரே ஆள் இல்லை. ஊருக்குப் போனால் ‘அவய்ங்க, இவய்ங்க’ என்று பேசுகிறவள், கடையில் முதலாளி முன்னால் வேறு மாதிரி, கல்லூரித் தோழிகளிடம் மூன்றாவது மாதிரி. இதில் பொய் எதுவும் இல்லை, இடத்துக்கு ஏற்ற பேச்சு. பேஸ்புக்கில் இந்த மூன்று கூட்டமும் ஒரே திண்ணைக்கு வந்துவிட்டது. தோழிகளோடு கொடைக்கானல் போனபோது ஜீன்ஸ் போட்ட படம் ஒன்றை ஒருத்தி டேக் செய்தாள். சாயந்தரத்துக்குள் என் மாமியார் என் அம்மாவுக்கு போன் போட்டுவிட்டார். சேதியைக் கொண்டுபோய்ச் சேர்த்தவர் அந்தப் படத்துக்கு லைக் போட்டவர்களில் ஒருவர் என்பதில் எனக்குச் சந்தேகமே இல்லை. நம்மை டேக் செய்த பதிவை முதலில் நம்மிடம் கேட்கும் ஒரு அமைப்பு இருக்கிறது. போட்டு வைத்தால் நாம் சம்மதிக்காமல் நம் பக்கத்தில் ஏறாது. அவள் பக்கத்தில் படம் அப்படியேதான் இருக்கும். அதற்குப் பிறகு நான் பேஸ்புக்கில் போட்டதெல்லாம் சித்திரைத் திருவிழா, கோலம், பொங்கல் வாழ்த்து. யார் பார்த்தாலும் வம்பில்லாத ஒருத்தி. அவள் எனக்கே போரடித்துப்போனாள்.

வாட்ஸ்அப்பில் கூட்டங்கள் மறுபடி தனித்தனியானது பெரிய ஆறுதல். ஆனால் அங்கே வேறொரு கடன் ஏறியது. எங்கள் பக்கம் மொய் நோட்டு உண்டு: யார் எவ்வளவு செய்தார் என்பது எழுத்தில் இருக்கும், திருப்பிச் செய்தே ஆக வேண்டும். குரூப் வாழ்த்தும் லைக்கும் அதே மொய்தான், நோட்டுதான் இல்லை. ஒருநாள் அத்தை கேட்டார்: “ஏந்தாயி, பேத்தி காதுகுத்துப் படத்துக்கு எல்லாரும் வாழ்த்துப் போட்டாக, நீ மட்டும் ஒண்ணும் போடல. எங்க மேல எதுவும் வருத்தமா?” காதுகுத்துக்கே நேரில் போய், மொய்யும் எழுதி, பந்தியில் உட்கார்ந்து சாப்பிட்டு வந்தவள் நான். அது கணக்கில் வரவில்லை.

கேதம் கேட்பதிலும் மாற்றம் வந்திருக்கிறது. சந்து முனையில் கண்ணீர் அஞ்சலி போஸ்டர் ஒட்டுவதற்கு முன்பே ஸ்டேட்டஸில் படம் வந்துவிடுகிறது. நெருங்கிய சொந்தம் இன்றும் மாலையோடு போகிறது. கொஞ்சம் விலகிய சொந்தம் ‘ஆழ்ந்த இரங்கல்’ என்று போட்டு முடித்துக்கொள்கிறது. தகவல் தெரியாததால் பகையான குடும்பங்களை நான் பார்த்திருக்கிறேன். அந்தச் சாக்கு இப்போது யாருக்கும் இல்லை. அதை நல்லது என்றே சொல்வேன். நேரில் பார்த்தால் பேசுவதற்கு விஷயம் இல்லாமல்போவதுதான் உறுத்துகிறது. சிங்கப்பூரிலிருந்து வந்த மச்சினன் எதைச் சொல்ல ஆரம்பித்தாலும் வீட்டில் எல்லோரிடமும் ஒரே பதில்: “ஸ்டேட்டஸ்ல பாத்தேன்.”

2017 ஜனவரியில் ஜல்லிக்கட்டுப் போராட்டத்துக்காக அலங்காநல்லூருக்கும் தமுக்கத்துக்கும் முன்பின் தெரியாத ஆட்களைத் திரட்டிக் கொண்டுவந்தவை இதே பேஸ்புக்கும் வாட்ஸ்அப்பும்தான். அதை மறந்துவிட்டுக் குறை மட்டும் சொன்னால் நியாயமாகாது.

டிக்டாக் பக்கம் நான் போகவில்லை. 2019 ஏப்ரலில் நம் மதுரைக் கிளை உயர் நீதிமன்றம்தான் அதற்கு இடைக்காலத் தடை போட்டு, அதே மாதம் நீக்கியது. 2020 ஜூனில் மத்திய அரசு மொத்தமாகத் தடை செய்தது. அடுத்த மாதமே இன்ஸ்டாவில் ரீல்ஸ் வந்துவிட்டது, ஆடியவர்கள் இடம் மாறி ஆடினார்கள். கவலைப்படவேண்டியது வேறு: மீசை முளைக்காத பையன்கள் சாதிக் கலர் கயிற்றைக் கையில் காட்டி, பாட்டுப் போட்டு ரீல்ஸ் போடுவது. பள்ளிக்கூடத்து வாசலோடு நிற்க வேண்டிய சில்லறைச் சண்டையை அது மாவட்டம் முழுக்கக் கொண்டுபோகிறது.

இன்ஸ்டாவில் எனக்கு உருப்படியாக இருப்பது, நாம் தேர்ந்தெடுத்தவர்களுக்கு மட்டும் காட்டும் ‘க்ளோஸ் ஃப்ரெண்ட்ஸ்’. ஜீன்ஸ் படம் இப்போது அங்கேதான் போகிறது. வாட்ஸ்அப் ஸ்டேட்டஸிலும் யாருக்குக் காட்டக்கூடாது என்று குறிக்கலாம். குறித்தது அவர்களுக்குத் தெரியாது. 2022லிருந்து குரூப்பை விட்டு வெளியேறினால் அட்மினுக்கு மட்டும்தான் அறிவிப்புப் போகிறது. குரூப்பில் யார் நம்மைச் சேர்க்கலாம் என்பதையும் 2019லிருந்து நாமே குறிக்கலாம். க்ளோஸ் ஃப்ரெண்ட்ஸ், ஸ்டேட்டஸ், குரூப் என்ற இந்த மூன்று அமைப்பையும் முதல் நாளே போட்டுக்கொள்ளுங்கள்.

பேஸ்புக் கணக்கு வைத்திருக்கும் பெண்களுக்கு இன்னொன்று. அபௌட் பகுதியில் ‘மற்ற பெயர்கள்’ என்று ஒரு இடம் இருக்கிறது. கடைசிப் பேரில் கணவர் பேர் இருந்தாலும், பள்ளிக்கூட அட்டெண்டன்ஸில் இருந்த பேரை இனிஷியலோடு அங்கே போடலாம். டிபி ரோஜாப்பூவாகவே இருக்கட்டும், பரவாயில்லை.