அமெரிக்கன் கூலாஷ்: அடிகனமான பாத்திரமா, மின் பிரஷர் குக்கரா?

மாட்டுக் கொத்துக்கறி, எல்போ மக்ரோனி, தக்காளி மூன்றும் ஒரே பாத்திரத்தில் வெந்து இறங்கும் கூலாஷ், அமெரிக்காவின் மத்திய மேற்குப் பகுதியில் பல வீடுகளின் இரவுச் சாப்பாடு. நியூ இங்கிலாந்து பக்கம் இதே சமையலுக்கு அமெரிக்கன் சாப்சூயி என்று பெயர். அடுப்பில் செய்வதா, மின் பிரஷர் குக்கரில் செய்வதா என்ற கேள்விக்குக் கறியைப் பார்த்துத்தான் பதில் சொல்ல வேண்டும். கொத்துக்கறி என்றால் பாத்திரம், துண்டுக்கறி என்றால் குக்கர்.

நான்கைந்து பேருக்கு 500 கிராம் கறி, 250 கிராம் மக்ரோனி, பெரிய வெங்காயம் ஒன்று, 4 பல் பூண்டு, 2 மேசைக்கரண்டி தக்காளி பேஸ்ட், 400 கிராம் டின் தக்காளி, 2 தேக்கரண்டி பாப்ரிகா (காரம் குறைந்த சிவப்பு மிளகாய்த்தூள்), 1 மேசைக்கரண்டி வூஸ்டர்ஷயர் சாஸ் வேண்டும். இதெல்லாம் இரண்டு முறைக்கும் பொது. ஸ்டாக் (கறி அல்லது காய் வேகவைத்து வடித்த சாறு) மட்டும் மாறும்: ஆவி வெளியேறும் பாத்திரத்துக்கு 700 மில்லி, குக்கருக்கு 500 மில்லி.

பாத்திரம்

ருசியில் பாதி, கறி சிவக்கும் அந்த முதல் பத்து நிமிடத்தில் இருக்கிறது. 15 முதல் 20 சதவீதம் கொழுப்புள்ள கொத்துக்கறியை அகலமான பாத்திரத்தில் பரப்பி, 3–4 நிமிடம் கிளறாமல் விடுங்கள். குறுகலான பாத்திரத்தில் குவித்தால் கறி விடும் தண்ணீர் வற்றாது. சிவப்பதற்குப் பதில் சாம்பல் நிறத்தில் அவிந்துபோகும். குக்கரின் உள்பாத்திரம் குறுகல், சூடும் குறைவு. கொத்துக்கறிக்கு அது தோற்பது இங்கேதான்.

பிறகு வெங்காயம், பூண்டு வதக்கி, பாப்ரிகாவும் பேஸ்ட்டும் சேர்த்து, நிறம் அடர்ந்து வரும்வரை ஒரு நிமிடம் கிளறுங்கள். தக்காளி, சாஸ், ஸ்டாக் ஊற்றிக் கொதித்ததும் மக்ரோனியைப் போட்டு, தீயைக் குறைத்து, மூடியைச் சற்றே திறந்து வையுங்கள். இரண்டு மூன்று நிமிடத்துக்கு ஒருமுறை மரக்கரண்டியால் அடியைச் சுரண்டிக் கிளறாவிட்டால் மாவுச்சத்து அடிபிடிக்கும். தக்காளியின் புளிப்பில் மக்ரோனி மெதுவாகத்தான் வேகும். பாக்கெட்டில் போட்டிருக்கும் நேரத்தைவிட 2–4 நிமிடம் கூடுதலாகப் பிடிக்கும். நடுவில் லேசான கடி இருக்கும்போதே இறக்குங்கள், மீதி ஐந்து நிமிடச் சூட்டில் வெந்துவிடும். 100 கிராம் செடார் சீஸை இறக்கிய பிறகே தூவுங்கள். கொதிக்கும்போது போட்டால் எண்ணெய் தனியாகப் பிரிந்து, சீஸ் திரிதிரியாகும். ஸ்டாக்கை வடிக்காததால் அதன் உப்பு முழுவதும் உணவிலேயே தங்கும், அதனால் உப்பைக் கடைசியில்தான் சரிபார்க்க வேண்டும்.

மின் குக்கர்

அழுத்தத்தில் வேகும் நேரம் பாக்கெட் நேரத்தில் பாதிக்கு ஒரு நிமிடம் குறைவு. 8 நிமிட மக்ரோனிக்கு 3 நிமிடம். கேட்க நன்றாக இருக்கிறது. ஆனால் அழுத்தம் ஏறவே பத்து நிமிடம் போகும், மிச்சமாகும் நேரம் சொற்பம். நடுவில் திறந்து கடித்துப் பார்க்கவும் முடியாது. தக்காளி அடியில் தங்கினால் சூடு எகிறி ‘பர்ன்’ என்று காட்டி நின்றுவிடும். அதனால் வதக்கியதும் ஸ்டாக் ஊற்றி அடியை முழுக்கச் சுரண்டிவிட்டு, மக்ரோனியை அமிழ்த்தி, பேஸ்ட்டையும் தக்காளியையும் கிளறாமல் மேலே போடுங்கள். பாதிக்கு மேல் நிரப்பாதீர்கள். ஆவியை ஒரேயடியாக விடாமல், இடைவெளி விட்டுச் சிறிது சிறிதாக வெளியேற்றாவிட்டால் நுரை வால்வு வழியே பீறிடும். விசில் குக்கரில் இந்த நுரை துவாரத்தையே அடைக்கும் என்பதால், அதில் பாஸ்தாவை மூடி வேகவைப்பதே வேண்டாம்.

துண்டுக்கறிக்கு நிலைமை தலைகீழ். சக் எனப்படும் தோள்பட்டைக் கறியை 3 சென்டிமீட்டர் துண்டுகளாக நறுக்கிச் செய்தால் பாத்திரத்தில் இரண்டு மணி நேரத்துக்கு மேல் ஆகும். குக்கரில் ஸ்டாக்கோடு 35 நிமிடம் போதும். சவ்வு கரைந்து குழம்புக்குத் தானாகவே கொழகொழப்பு வரும். பாஸ்தாவைக் கறியோடு சேர்த்துப் போட்டால் கூழாகிவிடும். பத்து நிமிடம் ஆவி அடங்கவிட்டுத் திறந்து, தக்காளியும் மக்ரோனியும் சேர்த்து, மூடாமல் ‘சாட்டே’ (வதக்கும்) நிலையில் கிளறி வேகவையுங்கள். இப்போது கடித்தும் பார்க்கலாம்.

எந்த முறையில் செய்தாலும் மிச்சத்தை இரண்டு மணி நேரத்துக்குள் ஃபிரிட்ஜில் வைத்துவிடுங்கள். மறுநாள் மக்ரோனி குழம்பையெல்லாம் குடித்து இறுகியிருக்கும். 100 மில்லி ஸ்டாக் ஊற்றிச் சிறுதீயில் சூடாக்கினால் இளகிவிடும்.