பெட்டி அடித்துத் தருகிறேன் என்று வருபவரிடம் கவனம்: கிருஷ்ணகிரி, தருமபுரி பக்கம் கைத்தொழில் செய்பவர்களுக்கு

காவேரிப்பட்டணத்தில் நானும் வீட்டுக்காரரும் மரப் புதிர்கள் செய்து விற்கிறோம். ஆறு கட்டைகளை ஒன்றுக்குள் ஒன்று கோத்துக் கழற்றும் புதிர்தான் அதிகம் போகும். அறுப்பதும் இழைப்பதும் அவர். உப்புத்தாள் தேய்ப்பது, எண்ணெய் பூசுவது, பெட்டியில் போடுவது, கணக்கு எல்லாம் நான்.

இவ்வளவு நாளும் சாதாரணப் பழுப்பு அட்டைப் பெட்டிதான். ஆனால் உள்ளே என்ன என்று தெரியாததால் வருகிறவர்கள் எல்லாம் திறந்து பார்ப்பார்கள், ஒரு கட்டை எங்கேயாவது விழுந்துவிடும். ஆறில் ஒன்று இல்லாத புதிரை யார் வாங்குவார்கள்? ஓசூரில் நாங்கள் சரக்குப் போடும் பொம்மைக் கடைக்கார அண்ணன், "ஜன்னல் வெச்ச பெட்டியில கொண்டு வாம்மா, திறக்காமலே பார்த்துட்டு வாங்குவாங்க" என்றார். நியாயமான பேச்சு. கிருஷ்ணகிரி மாங்கனிக் கண்காட்சியில் எங்கள் குழுவுக்கு ஒரு மேசை கிடைப்பதாகவும் இருந்தது. அதற்குள் முடித்துவிடலாம் என்று அவசரப்பட்டேன்.

அப்போதுதான் வாட்ஸ்அப் வழியாக அந்த ஆள் வந்தார். பேர் சொல்லப் போவதில்லை. டிசைன், பிரிண்டிங், பெட்டி, கடையில் வைக்கும் கவுன்டர் ஸ்டாண்ட் எல்லாம் ஒரே இடத்தில் என்றார். வீட்டுக்கே வந்து மாதிரிப் பெட்டி காட்டினார். கெட்டியான 350 ஜிஎஸ்எம் அட்டை (ஜிஎஸ்எம் கூடினால் அட்டை கனம்), கண்ணாடி போன்ற ஜன்னல், கட்டைகள் ஆடாமல் உட்கார உள்தட்டு. பெட்டி 34 ரூபாய் வீதம் 500 பெட்டி, டை சார்ஜ் (பெட்டி வெட்டும் அச்சுக்கான கூலி) 3,000, ஸ்டாண்ட் இரண்டுக்கு 3,000, மொத்தம் 23,000. முன்பணம் 15,000 ஜிபேயில் போட்டேன். "எழுத்து எல்லாம் நானே சட்டப்படி போட்டுத் தர்றேன்கா, நீங்க கவலைப்படாதீங்க" என்றார். அச்சுக்குப் போகும் முன் ஒரு பிரதி அனுப்புங்கள் என்று இரண்டு தடவை கேட்டேன். நேரமில்லை என்றார். அங்கேயே நான் நிறுத்தியிருக்க வேண்டும்.

சரக்கு வந்த அன்று மீதி 8,000 கையில் வந்தால்தான் பெட்டிகளை இறக்குவேன் என்றார் வண்டிக்காரர். கொடுத்துவிட்டுப் பிரித்தால், பெட்டி கையில் தொளதொளவென்று இருந்தது. சந்தேகம் வந்து 10 சென்டிமீட்டருக்கு 10 சென்டிமீட்டர் ஒரு துண்டு வெட்டி, தெரிந்த நகைக்கடைத் தராசில் வைத்தோம். 2.3 கிராம். இது எல்லாருக்கும் பயன்படும் கணக்கு: ஜிஎஸ்எம் என்பது ஒரு சதுர மீட்டர் அட்டையின் எடை, அதனால் இந்த அளவுத் துண்டின் எடையை 100-ஆல் பெருக்கினால் போதும். 350 என்று காசு வாங்கிக்கொண்டு 230 கொடுத்திருக்கிறார். காகிதப் பொருளுக்கு அது ஆகலாம். மரக்கட்டையின் கனத்துக்கு அடிப்பக்கம் பிரிந்து ஜன்னல் வழியாகவே கட்டை வெளியே வந்தது. ஸ்டாண்டும் அப்படித்தான், பன்னிரண்டு பெட்டி அடுக்கியதும் முன்பக்கம் சாய்ந்தது.

இதைக்கூடப் பொறுத்துக்கொள்ளலாம். ஓசூர் அண்ணன் ஒரு பெட்டியைத் திருப்பிப் பார்த்துவிட்டு, "இந்த ஐஎஸ்ஐ முத்திரை எங்கிருந்து வந்தது?" என்று கேட்டபோதுதான் எனக்கு வயிற்றைக் கலக்கியது. நாங்கள் கேட்கவே இல்லை. அழகுக்குப் போடுவது போல ஒரு மூலையில் போட்டிருக்கிறார். கீழே உரிம எண் இல்லை. உரிமம் இல்லாமல் அந்த முத்திரையைப் போடுவது குற்றம். பெட்டியில் இருப்பது எங்கள் பெயரும் முகவரியும். அச்சடித்தவர் பெயர் எங்கேயும் இல்லை.

இன்னும் வேதனை என்னவென்றால், எங்களுக்கு அந்த முத்திரையே தேவையில்லை. 2021 ஜனவரி 1 முதல் பொம்மைகளுக்கு ஐஎஸ்ஐ கட்டாயம் என்பது உண்மைதான். ஆனால் மத்திய அரசின் கைவினைப்பொருள் அபிவிருத்தி ஆணையரிடம் பதிவு செய்த கைவினைஞர் தானே செய்து விற்கும் பொம்மைக்கு விலக்கு உண்டு. வீட்டுக்காரரிடம் அந்த அடையாள அட்டை இருக்கிறது. நேர்மையாக விற்கிற பொருளைப் பொய்ப் பொருள் ஆக்கிவிட்டார். அப்புறம், போட வேண்டியவை இல்லை: செய்த மாதமும் வருடமும் இல்லை, புகார் சொல்ல எண் இல்லை, விலையில் "அனைத்து வரிகளும் உட்பட" என்ற வரி இல்லை. இவை இல்லாத பெட்டியைக் கடைக்காரர் அலமாரியில் வைத்தால் அவருக்கும் சிக்கல்.

போன் செய்தால் முதலில் "அடுத்த ஆர்டர்ல சரி பண்ணிடலாம்" என்றார். பிறகு, "வியாபாரத்துக்கு வாங்கினது, கன்ஸ்யூமர் கோர்ட்டுக்கெல்லாம் போக முடியாது" என்று மிரட்டினார். இப்போது எடுப்பதே இல்லை. அந்த மிரட்டலை நம்பாதீர்கள். பிழைப்புக்காகச் சுயதொழில் செய்பவர் அந்தத் தொழிலுக்கு வாங்கியதும் 2019 நுகர்வோர் பாதுகாப்புச் சட்டத்தில் அடங்கும். கொடுத்த பணம் 5 லட்சம் வரை என்றால் மாவட்ட நுகர்வோர் ஆணையத்தில் கட்டணம் கிடையாது. இரண்டு வருடத்துக்குள் மனு போட வேண்டும். முதலில் 1915 என்ற உதவி எண்ணில் புகார் பதியலாம், நான் பதிந்துவிட்டேன்.

பெட்டி அடிக்கக் கொடுக்கிறவர்கள் அட்டையின் ஜிஎஸ்எம், பெட்டியின் உள்ளளவு, அச்சு வாசகம் மூன்றையும் எழுதி அனுப்பி, "சரி" என்ற பதிலை வாங்கி வைத்துக்கொள்ளுங்கள். அளவில் உள்ளளவு என்றே எழுதுங்கள், வெளியளவில் செய்துவிட்டுத் தப்பிப்பார்கள். வந்த பெட்டிகளில் ஒன்றை வெட்டி எடைபோட்ட பிறகு மீதிப் பணம். மாதிரிப் பெட்டியை அவர் கையில் திருப்பிக் கொடுக்காதீர்கள். நான் கொடுத்துவிட்டேன், இப்போது காட்ட என்னிடம் புகைப்படம் மட்டும்தான் இருக்கிறது.

கண்காட்சிக்குப் பழைய பழுப்புப் பெட்டியிலேயே போனோம். மேசையில் ஒரே ஒரு புதிரை மட்டும் பிரித்து, கட்டைகளை நூலால் கட்டி, வருகிறவர்கள் கழற்றிப் பார்க்க வைத்தோம். மற்ற பெட்டிகளை யாரும் திறக்கவில்லை. அந்தப் பெட்டிகள் ஆணையத்தில் காட்டுவதற்காகத் திண்ணையில் இருக்கின்றன, நகைக்கடையில் எடைபோட்ட துண்டை மட்டும் ரசீதோடு சேர்த்துப் பீரோவில் வைத்திருக்கிறேன்.