12 அடி மண்புழு உரப் பை: ரெண்டு மாடு வைத்திருப்பவருக்குத் தேறுமா?

12 அடி நீளம், 4 அடி அகலம், 2 அடி உயரமுள்ள எச்டிபிஇ (கெட்டியான பிளாஸ்டிக் நெசவு) பையைப் பற்றித்தான் இது. செங்கல் தொட்டியை விடச் செலவு குறைவு. வேண்டாமென்றால் சுருட்டி எடுத்து வைத்துவிடலாம். ரெண்டு மாட்டுக்காரருக்குத் தாராளமாகத் தேறும். ஆனால் 250 ஜிஎஸ்எம் (ஒரு சதுர மீட்டர் துணியின் கிராம் எடை) பையை வாங்காதீர்கள். ஒன்றரை அடி நிரப்பினாலே உள்ளே ஒரு டன்னுக்கு மேல் எடை. பக்கம் வயிறு தள்ளி, மூலைத் தையல் முதலில் பிரியும். 340 ஜிஎஸ்எம்முக்குக் குறையாமல், இந்தப் பைக்கான இந்தியத் தரமான ஐஎஸ் 15907 முத்திரை இருக்கிறதா என்று பார்த்து வாங்குங்கள்.

குச்சி செருகும் உறையில் மூங்கிலை விடச் சவுக்கு நன்றாக நிற்கும். பையின் பெரிய குறை வடிகால் வாய்தான். அதிலுள்ள வலை ஒரே மாதத்தில் சேறு பிடித்து அடைத்துக்கொள்ளும். அடியில் தண்ணீர் தேங்கிப் புழு மேலே ஏறி ஓடும். தரையை வடிகால் பக்கம் ஒரு சாண் தாழ்த்திவிட்டு, வாயை ஒட்டித் தேங்காய் மட்டையை ரெண்டு வரிசை கவிழ்த்து அடுக்கினால் அடைக்காது. மேலே கீற்றுக் கொட்டகை கட்டாயம். வெயிலில் கிடந்தால் புழு முதலில் போகும், பையும் மொறமொறவென்று வெடித்துவிடும்.

புழு செத்துப்போச்சு என்று பையைக் குறை சொல்கிறவர்களில் பாதிப்பேர் பச்சைச் சாணியைக் கொட்டினவர்கள். 15, 20 நாள் வெளியே குவித்து ரெண்டு தடவை புரட்டுங்கள். முழங்கை வரை கையை விட்டால் சூடு தெரியக் கூடாது. அப்புறம்தான் பைக்குள் போட வேண்டும். நாமக்கல் கோழி எருவு வேண்டவே வேண்டாம்; அமோனியாவில் புழு தங்காது. தென்னை நார்க்கழிவையும் மக்க வைக்காமல் போடாதீர்கள். நொய்யல் ஓரத்துப் போர்த்தண்ணீர் உப்பாக இருந்தால், சட்டியில் பத்துப் புழு விட்டு அந்தத் தண்ணீரைத் தெளித்து ஒரு நாள் வைத்துப் பாருங்கள்.

சாணியே பிரதானம் என்றால் ஐசீனியா ஃபெடிடா என்ற புழு வகை. ஒரு பைக்கு 3 கிலோ போதும். தென்னந்தோப்புக்காரருக்கு யூட்ரிலஸ் என்ற புழு வகைதான் சரி. ஓலை பத்துப் பங்கு, சாணி ஒரு பங்கு. ஓலையின் தடித்த அடிமட்டையை வெட்டி எறிந்துவிட வேண்டும். சாணி 60 நாளில் உரமாகும், ஓலைக்கு மூன்று மாதம் பிடிக்கும். ஈரம் சரியா என்று பிடியில் தெரியும்: ஒரு பிடி அள்ளிப் பிழிந்தால் விரலிடுக்கில் ஈரம் கசியணும், சொட்டக் கூடாது. பகலெல்லாம் தண்ணீர் ஊற்றுவதை விட மேலே நனைத்த சாக்கு மூடுவது நல்லது.

ரெண்டு மாட்டுச் சாணி ஒரே தடவையில் 12 அடியை நிரப்பாது. ஒரு கோடியில் 4 அடி தொடங்கி, அடுத்தடுத்துத் தள்ளிப் போட்டுக்கொண்டே போங்கள். புழு தானாகப் புதுத் தீனிப் பக்கம் நகரும். பழைய கோடியில் நாலு நாள் தண்ணீர் நிறுத்திவிட்டு, மேலாக வழித்துச் சலித்தால் உரம் தயார். மம்பட்டியை மட்டும் உள்ளே போடாதீர்கள். பையும் கிழியும், புழுவும் வெட்டுப்படும்.