எத்தனால் பேக்கேஜ் என்று யாராவது வந்தால், முதலில் டாங்கைத் திறந்து காட்டச் சொல்லுங்கள்

காரைக்குடிப் பக்கம் ஒரு கடை, ட்யூன் செய்த வண்டிகளை ‘எத்தனாலுக்கு ரெடி’ பண்ணித் தருகிறோம் என்று கொஞ்ச நாளாக வலை வீசிக்கொண்டிருக்கிறது. வாட்ஸப்பில் பளபளவென்று படங்கள் வரும், கூடவே ஒரு விலைப்பட்டியலும் வரும். உங்களுக்கும் வந்திருக்கலாம். விஷயம் நுகர்வோர் ஆணையத்துக்குப் போகிறது, அதனால் கடையின் பெயரை எழுதவில்லை. என்ன செய்தார்கள் என்பதை மட்டும் எழுதுகிறேன். அதிலேயே கடை தெரிந்துவிடும்.

என் வண்டி 2002 மாடல் ஹோண்டா சிட்டி விடெக். கம்ப்ரஷன் ஏற்றி, இன்ஜினை நடத்தும் கம்ப்யூட்டரான ஈசியூவைத் தனியாகப் போட்டு, ஆசையாகச் செய்து வைத்தது. நான் இருப்பது சென்னையில், வண்டி இருப்பது கோட்டையூரில் அப்பத்தா வீட்டு மோட்டார் கொட்டகையில். நம் பக்கம் பாதி வண்டிகள் இப்படித்தான் இருக்கின்றன. வீடு திறப்பது கல்யாணத்துக்கு, படைப்புக்கு, கோயில் திருவிழாவுக்கு. மற்ற நாளெல்லாம் பூட்டுதான். பாதி டாங்க் பெட்ரோலோடு வண்டி மாதக்கணக்கில் நிற்கும்.

முன்பு இது பெரிய பிரச்சினையாக இல்லை. 2023 பிப்ரவரியில் 20 சதவீதம் எத்தனால் என்கிற ஆல்கஹால் கலந்த இ20 பெட்ரோலை அறிமுகம் செய்தார்கள். இப்போது எந்தப் பெட்ரோல் பங்க்குக்குப் போனாலும் அதுதான். எத்தனால் தண்ணீரை இழுக்கும். பழைய டாங்கில் படிந்த கசடைக் கரைத்துக் கொண்டுவந்து ஃபில்டரில் சேர்க்கும். எத்தனாலுக்கென்று செய்யாத ரப்பரை ஊதவைக்கும், மிருதுவாக்கும். தண்ணீரும் சேர்ந்துவிட்டால் துத்தநாகம், அலுமினியம், ஈயப்பூச்சு எல்லாம் அரிக்கும். 2002-ல் வண்டி செய்தவர்கள் இதை நினைத்துச் செய்திருக்க மாட்டார்கள். ஆகவே ஃப்யூல் சிஸ்டத்தை மாற்றத்தான் வேண்டும், அதில் சந்தேகம் இல்லை. அந்தக் கடை பிடித்ததும் இந்தப் பயத்தைத்தான்.

இன்னொரு ஆசையும் காட்டினார்கள். எத்தனால் 100 என்ற, பெரும்பாலும் எத்தனாலேயான எரிபொருளை 2024 மார்ச்சில் தமிழ்நாடு உட்பட ஐந்து மாநிலங்களில் சில பெட்ரோல் பங்க்குகளில் கொண்டுவந்தார்கள் அல்லவா, அதைக் கலந்து ஓட்டலாம், எரிபொருள் கண்டபடி வெடித்து இன்ஜின் தட்டுகிற நாக்கிங்கே வராது, தீப்பொறி டைமிங்கை ஏற்றிக்கொள்ளலாம் என்றார்கள். சொன்னது பொய் இல்லை. நாக்கிங்கைத் தாங்கும் அளவான ஆக்டேன் எத்தனாலுக்கு உண்மையிலேயே அதிகம். ஆனால் அதன் சக்தி லிட்டருக்கு மூன்றில் ஒரு பங்கு குறைவு. எடைக்கணக்கில் ஒரு பங்கு வெறும் பெட்ரோலுக்குக் காற்று 14.7 பங்கு என்றால், எத்தனாலுக்கு 9 பங்குதான். அதாவது அதே காற்றுக்கு எரிபொருள் நிறைய ஊற்ற வேண்டும். பம்ப், எரிபொருளைத் தூவும் இன்ஜெக்டர், எவ்வளவு தூவுவது என்று ஈசியூவில் எழுதிய கணக்கான மேப் மூன்றும் அதற்கு ஈடுகொடுக்கவில்லை என்றால் கலவை வறண்டு பிஸ்டன் போய்விடும்.

பேக்கேஜில் இருந்தவை: டாங்குக்குள் எத்தனால் தாங்கும் ஹோஸ், பெரிய பம்ப், புது இன்ஜெக்டர் நாலு, இன்ஜெக்டர் ரெயிலுக்கு வைட்டான் என்ற எத்தனால் தாங்கும் ரப்பரில் ஓ-ரிங், ஃபில்டர், ஃபில்லர் மூடி சீல், புது மேப். கிட்டத்தட்ட எழுபதாயிரம் ரூபாய். அதுக்கு மேல் ‘பராமரிப்பு’ என்று மாதம் 1500. மாதம் ஒருமுறை வண்டியை எடுத்து பிள்ளையார்பட்டி வரை ஓட்டி, ஃபில்டர் பார்த்து, படம் அனுப்புவார்களாம். வெளியூரில் இருக்கிறவனுக்கு இதைவிட வேறென்ன வேண்டும்?

பணத்தைக் கட்டி வண்டியை விட்டேன். ஐப்பசி மழை முழுக்க வண்டி அவர்கள் கடை வாசலில் வேப்பமரத்தடியில் நின்றது. கார்த்திகையில் கோட்டையூருக்கு வந்தது. பொங்கலுக்குப் போய் ஸ்டார்ட் செய்தால் பிடிக்கிறது, உடனே சாகிறது. திரும்ப அடித்தால் இருமுகிறது. பின்சீட்டில் பெட்ரோல் வாடை மூக்கைத் துளைக்கிறது. கடைக்காரருக்கு போன் போட்டேன்.

“அது எத்தனால் வாடை தம்பி. புதுசுல அப்படித்தான் இருக்கும். ரெண்டு டாங்க் ஓட்டுனா போயிரும்.”

பெட்ரோல் வாடை போகும்வரை ஓட்டச் சொல்கிற மெக்கானிக்கை நான் அப்போதுதான் முதல்முறையாகப் பார்க்கிறேன். சரி, இனி இவரிடம் பேசிப் பயனில்லை என்று வண்டியைக் கட்டி இழுத்து மதுரைக்குக் கொண்டுபோனேன். அங்கே இன்ஜெக்டர் டெஸ்ட் பெஞ்ச் வைத்திருக்கிற ஒரு பெரியவர், பின்சீட்டைத் தூக்கி பம்ப் மூடியைக் கழற்றினார். மூடியின் கேஸ்கெட் பழசு, மூன்று இடத்தில் வெடிப்பு. வாடை வந்தது அங்கிருந்துதான்.

பம்பை வெளியே எடுத்ததும் அவர் ஒன்றும் சொல்லவில்லை, ஹோஸை மட்டும் இரண்டு விரலால் நசுக்கிக் காட்டினார். ஊறவைத்த அப்பளம் மாதிரி தொளதொளவென்று இருந்தது. மேல்தோல் உரிந்து விரலெல்லாம் கறுப்பு. கிளாம்ப் இருந்த இடத்தில் வீங்கிப் பிதுங்கி நின்றது. பம்பின் அடியில் இருக்கும் வலைப்பை முழுக்க அதே கறுப்புத் துகள். துடைத்துப் பார்த்தால் ஹோஸின்மேல் அச்சு தெரிந்தது: 30ஆர்7.

இந்த எண்ணைக் கொஞ்சம் மனசில் வைத்துக்கொள்ளுங்கள். ஹோஸ்களுக்கு எஸ்ஏஇ என்ற வாகனப் பொறியாளர் அமைப்பின் தரக்குறியீடு உண்டு. 30ஆர்7 என்பது கார்ப்பரேட்டர் வண்டிக்கான சாதாரண ஹோஸ், அழுத்தமும் குறைவாகத்தான் தாங்கும். 30ஆர்9 இன்ஜெக்ஷன் வண்டிக்கானது. அதன் உள்பக்கம் எத்தனாலைத் தாங்கும், வெளித்தோல் தாங்காது. டாங்குக்குள் எரிபொருளில் மூழ்கிக் கிடக்க வேண்டிய ஹோஸ் 30ஆர்10 மட்டும்தான், அதற்கு உள்ளும் புறமும் தாங்கும் பொருள். விலை சாதாரண ஹோஸைவிடப் பல மடங்கு. வித்தியாசம் மொத்தமும் அங்கேதான் அவர்கள் பைக்குள் போயிருக்கிறது. நல்ல நோக்கத்தோடு செய்கிற சில மெக்கானிக்குகளும் ஆர்9-ஐ டாங்குக்குள் போட்டுவிடுகிறார்கள். அதுவும் தப்புதான், கேட்டுப் பாருங்கள்.

பம்ப் பெரியதுதான், ஆனால் போலி. ஸ்டிக்கர் நகத்தால் சுரண்டியதும் வந்துவிட்டது. இன்ஜெக்டர் நாலும் என் பழைய இன்ஜெக்டர்களேதான், கழுவிப் பெயின்ட் அடித்திருந்தார்கள். பெஞ்சில் போட்டதும் ஒன்று தூறவில்லை, ஒழுகியது. ஓ-ரிங் பச்சை நிறத்தில் இருந்தது. வைட்டான் என்றால் பச்சைதான் என்று அந்தக் கடையில் எனக்குப் பாடமே எடுத்திருந்தார்கள். நிறத்துக்கும் பொருளுக்கும் சம்பந்தமே இல்லை, எந்த ரப்பரையும் எந்த நிறத்திலும் செய்யலாம் என்று பெரியவர் சிரித்தார். மேப்? லேப்டாப்பை மாட்டிப் பார்த்தால் நான் கொடுத்த அதே ஃபைல், ஒரு எண்கூட மாறவில்லை. அதை நம்பி எத்தனால் 100 ஊற்றியிருந்தால் இன்ஜினே மிஞ்சியிருக்காது.

அடுத்து டாங்கில் இருந்ததை ஒரு கண்ணாடி ஜாடியில் வடித்தார். கொஞ்ச நேரத்தில் அடியில் கலங்கலாகத் தனி அடுக்கு நின்றது. எத்தனாலும் தண்ணீரும் கைகோத்துக் கீழே இறங்கிவிட்டன, மேலே வெறும் பெட்ரோல். பம்ப் உறிஞ்சுவது அடியிலிருந்து; வண்டி ஏன் பிடித்துப் பிடித்துச் செத்தது என்று புரிந்தது. மேலே மிஞ்சியதும் உருப்படியில்லை, எத்தனால் பிரிந்ததும் அதன் ஆக்டேன் இறங்கிவிடும். கம்ப்ரஷன் ஏற்றிய வண்டிக்கு அது விஷம். இதைப் பழையபடி சேர்க்கப் பார்ப்பதில் பயனில்லை, முழுக்க வடித்துக் கொட்டத்தான் வேண்டும்.

காற்றின் ஈரத்தால் மட்டும் இவ்வளவு தண்ணீர் வராது. ஃபில்லர் மூடியின் சீல் வெடித்து நார் நாராக இருந்தது. மாற்றியதாகப் பட்டியலில் டிக் போட்டிருந்த அதே சீல். அதை வைத்துக்கொண்டு வண்டியை மழை முழுக்க மரத்தடியில் நிறுத்தியிருக்கிறார்கள். அழகப்பச் செட்டியார் கொடுத்த 300 ஏக்கரில், 1948-ல் நேரு அடிக்கல் நாட்டிய சிக்ரி என்கிற மத்திய மின்வேதியியல் ஆராய்ச்சி நிலையம் இருக்கிற ஊர் காரைக்குடி. உலோக அரிமானத்தை ஆராய்கிறவர்கள் கூப்பிடு தூரத்தில் இருக்க, இங்கே இப்படி ஒரு கடை.

மாதாந்தரப் பராமரிப்பு அதைவிட வேடிக்கை. அவர்கள் அனுப்பிய படங்களை வரிசையாக வைத்துப் பார்த்தேன். எல்லாவற்றிலும் கண்ணாடியில் அதே இடத்தில் அதே வேப்பிலை. ஒரே படத்தை வெட்டி வெட்டி அனுப்பியிருக்கிறார்கள். வண்டி கொட்டகைக்கு வந்த நாளில் வீட்டைப் பார்த்துக்கொள்ளும் அண்ணன் மீட்டரைப் படம் எடுத்து அனுப்பியிருந்தார். பொங்கலன்றும் அதே கிலோமீட்டர்தான். “யாரும் வரலையே, சாவி ஆணியிலதான தொங்குது” என்றார் அவர்.

கடைக்கே நேரில் போனேன். முதலில் மதுரைக்காரர் மாற்றி வைத்துவிட்டார் என்றார் கடைக்காரர். கழற்றும்போதே வீடியோ எடுத்திருந்ததைக் காட்டியதும் குரல் இறங்கியது. அப்போது வாய் தவறியோ என்னவோ சொன்னார்: “உள்ள கெடக்குற பைப்ப யாரு தம்பி பாக்கப் போறா?”

மாதப் பணத்தை மட்டும் திருப்பிக் கொடுத்தார். எழுபதாயிரத்துக்கு, ‘பார்த்துச் செய்யலாம்’. முறையான பில் கிடையாது, லெட்டர்பேடில் டிக் போட்ட பட்டியல்தான். ஆனால் யுபிஐயில் பணம் போன விவரமும் வாட்ஸப் பேச்சும் வீடியோவும் இருக்கின்றன. சிவகங்கை மாவட்ட நுகர்வோர் ஆணையத்தில் மனு போடுகிறேன். 5 லட்சம் வரையிலான வழக்குக்குக் கட்டணம் இல்லை, இரண்டு வருடத்துக்குள் போட வேண்டும். ஏமாந்த மற்றவர்கள் முதலில் தேசிய நுகர்வோர் உதவி எண் 1915-க்கு போன் செய்து புகாரைப் பதிந்துவையுங்கள்.

இந்த மாதிரி வேலை கொடுக்கப் போகிறவர்கள், பம்பை மூடுவதற்கு முன் ஹோஸின் அச்சு தெரிகிற மாதிரி படம் கேளுங்கள். கழற்றிய பழைய பாகங்களை மூட்டையாகக் கட்டித் தரச் சொல்லுங்கள், அதைத் தர மறுத்தால் வேலையே நடக்கவில்லை என்று அர்த்தம். இன்ஜெக்டருக்கு பெஞ்ச் டெஸ்ட் சீட்டு வேண்டும். பெட்ரோலில் எத்தனால் எவ்வளவு என்று நீங்களே பார்க்கலாம்: 100 மில்லி அளவுக் குழாயில் 10 மில்லி தண்ணீர், மீதி 90 பெட்ரோல், மூடிக் குலுக்கி வையுங்கள். இ20 என்றால் கீழ் அடுக்கு சுமார் 28-க்கு வந்து நிற்கும். வண்டியை மாதக்கணக்கில் நிறுத்துவதாக இருந்தால் டாங்கை நிரப்பி நிறுத்துங்கள், உள்ளே காற்று குறைந்தால் ஈரமும் குறையும்.

அந்தக் கடையில் ஏற்கெனவே வேலை கொடுத்திருந்து, வண்டிக்குள் பெட்ரோல் வாடை வந்தால் தயவுசெய்து சாவியைத் திருப்பாதீர்கள். கதவுகளைத் திறந்து வைத்து, வாடை அடங்கியதும் பேட்டரி ஒயரைக் கழற்றிவிட்டு, கட்டி இழுத்துக் கொண்டுபோங்கள். அந்தப் பச்சை ஓ-ரிங்கும் ஒழுகினால், அது இருப்பது சூடான இன்ஜினுக்கு மேலே.