மூலைப் பெட்டிக்கு எந்தப் பக்கத்து வெளிச்சம்?

கோலாலம்பூரில் கல்யாணம், அரங்கேற்றம், கோயில் திருவிழா என்று நேரலை செய்யும் பலரும் படத்துக்குள் படம் வைக்கிறோம். பெரிய படத்தில் மணமேடை, மூலைப் பெட்டியில் நாதஸ்வரக் குழு. பெட்டிக்கு ஓரம் போட்டதும் வேலை முடிந்தது என்று விட்டுவிடுகிறார்கள். பல கேமராக்களின் படங்களை மாற்றியும் இணைத்தும் தரும் ஸ்விட்சரான ஏடெம் மினி புரோவைச் சில வருடங்களாகப் பயன்படுத்துகிறேன். அந்த ஓரத்தில் விழும் பாவனை வெளிச்சத்தைச் சரிசெய்த பிறகுதான் படம் நிறைவாகிறது என்பேன்.

இதற்கு ஸ்விட்சரில் தனிப் பொத்தான் கிடையாது. மடிக்கணினியில் ஏடெம் சாப்ட்வேர் கண்ட்ரோலைத் திறந்து, அப்ஸ்ட்ரீம் கீயின் (ஒரு படத்தின் மேல் இன்னொன்றை வைக்கும் அடுக்கு) டிவிஇ (படத்தைச் சிறிதாக்கி நகர்த்தும் வசதி) பகுதிக்குப் போக வேண்டும். வெளிச்சம் வரும் திசைக்கு ஆங்கிள், அது படத்திலிருந்து எவ்வளவு தள்ளி நிற்கிறது என்பதற்கு ஆல்டிடியூட். ஓரத்துக்கும், பெட்டிக்குப் பின்னால் விழும் நிழலுக்கும் ஒரே விளக்குதான். ஒன்றைத் திருப்பினால் மற்றதும் திரும்பும்.

முதலில் பெவல், அதாவது ஓரத்துக்குச் சரிவான விளிம்பு, வையுங்கள். பெவல் இல்லாத தட்டையான பட்டையில் ஆங்கிளை எவ்வளவு சுற்றினாலும் ஒன்றும் தெரியாது. அடுத்தது நிறம். வெள்ளை வெளேரென்று ஓரம் போட்டால், வெளிச்சம் படும் பக்கம் அதற்கு மேல் பிரகாசமாக வழியில்லை. கல்யாணத்துக்குத் தங்க நிறம் கேட்பார்கள். லூமாவை, அதாவது நிறத்தின் பிரகாச அளவை, நடுவில் நிறுத்தினால் ஒரு பக்கம் மின்னி, மறுபக்கம் மங்கி, நிஜச் சட்டம் போலவே இருக்கும்.

ஆங்கிளை நான் வீட்டில் முடிவு செய்வதில்லை. மண்டபத்தில் புகைப்படக்காரர் தன் எல்இடி விளக்கை நிறுத்தியபின் மணமக்களின் முகத்தைப் பார்ப்பேன். வெளிச்சம் வலமிருந்து விழுந்தால் பெட்டியின் ஓரமும் வலப்பக்கம் மின்ன வேண்டும். எதிர்த்திசையில் இருந்தால் பார்ப்பவருக்குக் காரணம் தெரியாது, ஆனால் பெட்டி ஒட்டவைத்தது போல உறுத்தும்.

நிழல்தான் அதிகம் யோசிக்க வைப்பது. பெட்டி மேல் வலது மூலையில் இருந்து வெளிச்சமும் அங்கிருந்தே வந்தால், நிழல் உள்ளே விழுந்து பெட்டி எடுப்பாகத் தெரியும். அதே அமைப்போடு பெட்டியைக் கீழ் இடது மூலைக்கு நகர்த்தினால் நிழல் திரைக்கு வெளியே போய்விடும். அங்கே நிழலை அணைத்துவிட்டு பெவல் மட்டும் வைப்பேன். மூலைக்கு ஒரு மேக்ரோ (அமைப்புகளை ஒரே அழுத்தில் கொண்டுவரும் பதிவு) பதிந்து வைத்தால் தாலி கட்டும் நேரத்தில் எண்களைத் தேட வேண்டியதில்லை.

தைப்பூசத்தையொட்டி இரவில், துன் எச்.எஸ்.லீ சாலை மகா மாரியம்மன் கோயிலிலிருந்து பத்துமலைக்குப் புறப்படும் வெள்ளி ரதத்தை எடுக்கும்போது கணக்கு வேறு. பின்னணி இருட்டு, கறுப்பு நிழல் போட்டாலும் தெரியாது. ஓரத்தின் மினுக்கம் மட்டுமே பெட்டியைப் பிரித்துக் காட்டும்.

கணினித் திரையில் அழகாக இருப்பதை நம்பாமல் கைப்பேசியில் நேரலையைத் திறந்து பாருங்கள். ஈப்போவிலும் தமிழ்நாட்டிலும் இருக்கும் பாட்டிமார் அதில்தான் பார்க்கிறார்கள். மெல்லிய பெவல் அங்கே காணாமல் போகும், மென்மையான நிழல் பிட்ரேட் (நொடிக்கு அனுப்பும் தரவின் அளவு) குறைந்தால் கட்டம் கட்டமாக உடையும். சற்றுத் தடித்த ஓரமே நல்லது.

எல்லாம் பிடித்தபடி அமைந்ததும் ஃபைல் மெனுவில் சேவ் ஸ்டார்ட்டப் ஸ்டேட் கொடுத்துவிடுங்கள். மண்டபத்தில் மின்சாரம் போய் வந்தாலும் அதே வெளிச்சத்தோடு தொடங்கலாம்.