8×42 பைனாகுலர்: இரண்டு வருஷம் கழித்து எழுதும் விமர்சனம்

வாங்கிய மறுநாளே எழுதுகிற விமர்சனத்தை நான் நம்புவதில்லை, அதனால் இரண்டு வருஷம் இதைக் கழுத்தில் மாட்டிக்கொண்டு அலைந்த பிறகுதான் எழுதுகிறேன். நடுத்தர வகை 8×42 பைனாகுலர், அதாவது எட்டு மடங்கு பெரிதாகக் காட்டும், முன் லென்ஸின் அகலம் 42 மில்லிமீட்டர். கம்பெனி பெயர் வேண்டாம், குறைகளும் சொல்லப்போகிறேன்.

10×42 தான் 'பவர்' என்று யாராவது தலையில் கட்டப் பார்ப்பார்கள். கேட்காதீர்கள். மடங்கு கூடக்கூட கை நடுக்கமும் சேர்ந்து பெரிதாகும். அதோடு 42-ஐ 8-ஆல் வகுத்தால் 5.25, கண்ணுக்கு வந்து சேரும் ஒளிவட்டத்தின் அகலம் அத்தனை மில்லிமீட்டர். 10 மடங்கில் அது 4.2 ஆகிவிடும். நல்ல வெயிலில் இந்த வித்தியாசம் தெரியாது, விடிந்தும் விடியாத நேரத்தில் கண்மணி விரிந்திருக்கும்போது நன்றாகவே தெரியும். வலது கண் பக்கம் இருக்கிற சின்ன வளையத்தை ஒரு தடவை உங்கள் கண்ணுக்கு ஏற்றபடி திருகி வையுங்கள், இல்லாவிட்டால் எவ்வளவு நல்ல பைனாகுலரும் தலைவலிதான்.

சரி, குளத்துக்கு வருகிறேன். நடை தூரத்தில் ஒன்று இருக்கிறது. பல வருஷமாக அந்தக் கரையில் நடந்தவன்தான், கேட்டிருந்தால் 'நல்லா காத்து வரும்' என்று சொல்லியிருப்பேன், எனக்கும் அதற்கும் அவ்வளவுதான் உறவு. பைனாகுலர் வந்த முதல் வாரம் கோரைக்குள் ஒரு பாசிக் குவியல் மிதந்துகொண்டிருந்தது. வெறும் கண்ணுக்குக் குப்பை. லென்ஸ் வழியாகப் பார்த்தால் அதன்மேல் முக்குளிப்பான் என்கிற நீர்ப்பறவை ஒன்று உட்கார்ந்திருக்கிறது, சட்டென்று எழுந்து, அலகால் ஈரப் பாசியை இழுத்து இழுத்து முட்டைமேல் போட்டு மூடிவிட்டு, சத்தமில்லாமல் தண்ணீருக்குள் வழுக்கிப் போனது. மறுபடியும் குப்பை! அன்றிலிருந்து அந்தப் பக்கம் சும்மா நடந்து போக முடியவில்லை.

இந்தப் பொருளோடு வருகிற பக்கவிளைவு இதுதான், அட்டைப்பெட்டியில் எழுதியிருக்க மாட்டார்கள். சில நாள் கழித்து அதே கூட்டுக்கு ஒரு சாண் தள்ளி, கோரைத் தண்டில் தூண்டில் நரம்பு சுற்றிக் கிடந்தது தெரிந்தது. வயிற்றைப் பிசைந்தது. இறங்கிப் போய் அறுத்துவிடலாம் என்றால், நான் பக்கத்தில் நிற்கிற வரைக்கும் தாய் திரும்பி வராது, முட்டை ஆறிப்போகும். அக்கறை என்றால் உடனே ஓடிப்போய் எதையாவது செய்வது என்றுதான் அதுவரை நினைத்திருந்தேன். குஞ்சுகள் பொரிந்து, கோடு போட்ட தலையை நீட்டிக்கொண்டு பெற்றோர் முதுகில் ஏறிச் சவாரி செய்து, கூடு காலியான பிறகுதான் முழங்கால் தண்ணீரில் இறங்கி நரம்பை உருவினேன். அதுவரை தினமும் எட்டு மடங்கு பெரிதாக அதைப் பார்த்துக்கொண்டு நின்றது தனிக் கொடுமை.

போன வருஷம் அந்தப் பக்கத்துக் கோரையை 'சுத்தம்' என்ற பெயரில் வழித்தெடுத்துவிட்டார்கள். எனக்கு வந்தது கோபம்கூட இல்லை, சொந்த வீட்டுக்குள்ளேயே வழி தவறின மாதிரி ஒன்று. க்ளென் ஆல்பிரெக்ட் என்ற ஆஸ்திரேலியத் தத்துவவாதி இதற்கு 'சோலஸ்டால்ஜியா' என்று பேர் வைத்திருக்கிறார். அந்த நாட்டு ஹன்டர் பள்ளத்தாக்கில் திறந்தவெளி நிலக்கரிச் சுரங்கங்கள் பெருகியபோது, எங்கேயும் குடிபெயராமல் அங்கேயே இருந்த மக்களுக்கு வந்த ஊர் ஏக்கம் அது. பேர் தெரிந்ததால் ஏக்கம் குறையவில்லை. ஆனால் அப்போதிருந்து பார்த்ததை எல்லாம் தேதி போட்டு, எண்ணிக்கையோடு ஈபேர்ட் (eBird) என்ற பறவைப் பதிவு இணையதளத்தில் ஏற்றுகிறேன். 2002-இல் தொடங்கிய அந்தத் தளத்தில் யார் வேண்டுமானாலும் பதியலாம். 'இங்கே என்ன பெரிசா இருந்துச்சு' என்று யாராவது கேட்டால் காட்டக் கையில் ஏதாவது வேண்டும் இல்லையா.

இப்போது குறைகள். ஃபோகஸ் சக்கரம் குளிர்ந்த காலையில் இறுகிக்கொள்கிறது. கழுத்துப் பட்டை அரை மணி நேரத்தில் அறுக்க ஆரம்பிக்கும், அகலமானது தனியாக வாங்கிக்கொள்ளுங்கள். மோசமானது லென்ஸ் மூடிதான், பிடிப்பே கிடையாது. ஒருநாள் கழன்று நேராகக் குளத்தில் விழுந்தது, ஊரார் போட்ட குப்பையைப் பொறுக்குகிற நான், என் பங்குக்கு ஒரு பிளாஸ்டிக் போட்டுவிட்டு குச்சியால் துழாவிக்கொண்டு நின்றேன். முக்கால் மணி நேரம் ஆனது. இப்போது இரண்டு மூடியையும் நூலால் கட்டி வைத்திருக்கிறேன்.

ஐந்துக்கு நான்கு நட்சத்திரம். ஒன்று மூடிக்காகக் குறைத்தது.