குல்மார்க்கில் அஞ்சடி பனி என்றார்கள், 64,000 ரூபாய் போச்சு

ஏப்ரல் முதல் வாரத்துக்கு காஷ்மீரில் உள்ள குல்மார்க்கில் பனிச்சறுக்கு வகுப்பு என்று ஒரு ஆன்லைன் டூர் தளம் இன்னமும் சீட் விற்றுக்கொண்டிருக்கிறது. அதனால்தான் ஊர் திரும்பிய கையோடு எழுதுகிறேன். பெயர் போடவில்லை. வெள்ளை மலையும் சிவப்பு ஜாக்கெட்டுமாக ரீல்ஸ் போட்டு, பாதிப் பணம் இப்போது, மீதி கிளம்பும் முன் என்று வாங்குகிற வகை. எனக்கும் தம்பிக்கும் சேர்த்து 64,000 ரூபாய். விமான டிக்கெட் தனி.

பணம் கட்டுவதற்கு முன் நான் கேட்டது ஒன்றே ஒன்று: மார்ச் கடைசியில் பனி இருக்குமா? போனில் பேசிய பெண் நம்ம ஊர்த் தமிழில், "அண்ணா, அஞ்சடி பனி கிடக்கு. சந்தேகமே வேண்டாம், வீடியோ அனுப்புறேன் பாருங்க" என்றார். சொன்னபடியே வாட்ஸ்அப்பில் வந்தது. முழங்கால் வரை பனி, ஒருவன் அதைக் கிழித்துக்கொண்டு இறங்குகிறான், பின்னால் கோண்டோலா எனும் கேபிள் கார் நிலையம். எப்போது எடுத்தது என்று கேட்டேன். "இந்த வாரம்தான் அண்ணா, நம்பிப் போடுங்க." கேட்காததற்கும் பதில் சொல்கிற குரல். போட்டுவிட்டேன்.

போய் இறங்கினால், புதிதாகப் படிப்பவர்களுக்கான சரிவில் பாதிக்கு மேல் பழுப்புப் புல். நடுவே திட்டுத் திட்டாக அழுக்குப் பனி, ஓரமெல்லாம் சேறும் குதிரைச் சாணமும். காலையில் அந்தத் திட்டு இறுகிக் கல்லாகக் கிடக்கும், நிற்கவே முடியாது. வெயில் ஏறினால் ஒரு மணி நேரம்போல நன்றாக இருக்கும். அப்புறம் கூழ். ராத்திரி வானம் தெளிவாக இருந்தால்தான் இந்த மட்டுக்காவது இறுகுமாம். மேகம் மூடிய மறுநாள் காலையிலேயே சொதசொத. பயிற்சி கொடுத்த பையனைக் குறை சொல்ல மாட்டேன், இருந்த பனியில் அவன் என்ன செய்வான்?

சறுக்குப் பலகை பனிக்கடியில் இருந்த கல்லில் ஏறி கர்ரென்று உரசியது. திருப்பிப் பார்த்தால் அடியில் நகம் நுழைகிற அளவுக்குக் கீறல். வாடகைக் கடைக்காரர் அதற்கும் காசு கேட்டார். கடுப்பில் அந்த வீடியோவைக் காட்டினேன். சிரித்துவிட்டு, "சார், இது இங்கே இல்லை, மேலே அஃபர்வத் மலை" என்றார்.

விஷயம் அதுதான். குல்மார்க் புல்வெளி சுமார் 2,650 மீட்டர் உயரம். கோண்டோலாவின் முதல் கட்டம் கோங்டூரி என்ற நடு நிலையத்தில் விடும். இரண்டாம் கட்டம் அஃபர்வத் சரிவில் 3,900 மீட்டருக்கு மேலே கொண்டுபோகும். மார்ச் முடிவில் மேலே பனி கொட்டும் அதே நாளில் கீழே மழை பெய்து, இருப்பதையும் கரைத்துவிடும். அஞ்சடி என்று அவர்கள் சொன்னது மேலே உண்மையாகவே இருந்திருக்கலாம், அதுதான் வயிற்றெரிச்சல். நேற்றுப் பலகை மாட்டியவன் அந்தச் செங்குத்தில் கால் வைக்க முடியாது, பனிச்சரிவு ஆபத்து வேறு. வகுப்பு நடப்பதோ கீழே. எங்கள் 64,000 ரூபாய் கீழே நடக்கும் வகுப்புக்கு.

அங்கிருந்தே கூப்பிட்டேன். "சீனியர் பேசுவார் சார்" என்றார்கள். அதுவரை அண்ணா, பணம் கேட்டதும் சார். சீனியர், இயற்கைக்கு நாங்கள் பொறுப்பில்லை என்று விதிமுறையில் இருப்பதைப் படித்துக் காட்டினார். பனி இல்லாததற்கு உங்களைக் கேட்கவில்லை, இருக்கிறது என்று சொன்னதற்குத்தான் கேட்கிறேன் என்றேன். மெயில் போடுங்கள் என்றார். போட்டால் புகார் எண் வந்தது, அப்புறம் "உங்கள் புகார் தீர்க்கப்பட்டது" என்று ஒரு குறுஞ்செய்தி. கடைசியில் 3,000 ரூபாய்க்கு கூப்பன், அதுவும் மணாலி தேனிலவு பேக்கேஜுக்கு. நானும் தம்பியும் போக வேண்டுமாம்! 64,000 போனதற்கு இது பதில்.

நுகர்வோர் உதவி எண் 1915-இல் பதிந்திருக்கிறேன். எதைப் பார்க்க வேண்டும் என்று விவரமாக எழுதத்தான் உட்கார்ந்தேன், கோபத்தில் கை ஓடவில்லை. சுருக்கமாக: எத்தனை அடி என்று கேட்காதீர்கள், எந்த உயரத்தில் என்று கேளுங்கள். வகுப்பு நடக்கிற சரிவையே அன்றைக்கு வீடியோ காலில் காட்டச் சொல்லுங்கள். ஸ்ரீநகர் வானிலை மையத்தின் முன்னறிவிப்பில் கீழே மழையா என்று பாருங்கள். முழுப் பணத்தையும் முன்கூட்டியே கட்டாதீர்கள். புதிதாகப் படிக்கிறவர்கள் ஜனவரி, பிப்ரவரியில் போங்கள், அப்போதும் கேட்டுவிட்டே போங்கள்.